விற்றது அசல், திரும்பி வந்தது போலி: 4,650 வெள்ளி போன விதம்

விலையுயர்ந்த கைப்பையை இணைய ஏலத்தில் விற்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கி ஏமாந்தவர்களின் கதைகள் நிறைய வந்திருக்கின்றன. நான் விற்று ஏமாந்தவள். பையும் போய், அதற்குக் கிடைத்த 4,650 சிங்கப்பூர் வெள்ளியும் போய், 'போலிப் பொருள் விற்றவர்' என்ற பெயரும் இப்போது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்தத் தளம் என்று எழுதப்போவதில்லை. வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால் அதற்கும் செலவழிக்க என்னிடம் பணம் இல்லை. ஆடம்பரப் பைகளும் கைக்கடிகாரங்களும் மட்டும் ஏலத்துக்கு வரும் தளம் அது. 'அசலுக்கு நாங்கள் உத்தரவாதம்' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அந்த உத்தரவாதம் வாங்குபவருக்கு மட்டும்தான் என்பதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

பை, ஷனெல் நிறுவனத்தின் 'பாய்' வகை. கறுப்புக் கன்றுத்தோல். 2018இல் பதவி உயர்வு கிடைத்தபோது ஆர்ச்சர்ட் ரோட்டில் புதிதாக வாங்கியது. மகளின் பலதுறைத் தொழிற்கல்லூரிச் செலவுக்காக விற்க முடிவு செய்தேன்.

நடந்தது புரிய வேண்டுமென்றால் ஒரு விவரம் தெரிய வேண்டும். அந்தக் காலத்து ஷனெல் பைகளின் உள்ளே பளபளக்கும் ஒட்டுச்சீட்டு ஒன்று இருக்கும், அதில் எட்டு இலக்க எண். அதே எண் அச்சிட்ட அட்டை ஒன்றும் பையோடு வரும். 2021இலிருந்து சீட்டும் அட்டையும் நின்றுபோய், சில்லு பதித்த உலோகத் தகடு வந்துவிட்டது. ஆக, என்னுடையதைப் போன்ற பழைய பைக்கு அந்த எண்தான் பிறப்புச் சான்றிதழ். ஆனால் தளத்தின் விதியோ, படங்களில் எண்ணை மறைத்துத்தான் போட வேண்டும் என்கிறது. போலி தயாரிப்பவர்கள் உண்மையான எண்களைத் திருடி அச்சிடுகிறார்கள் என்பது காரணம். நியாயமான காரணம்தான். கடைசி நான்கு இலக்கங்களை மறைத்துப் படம் போட்டேன்.

பதிவு செய்த அன்றே தளத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். அவ்வளவு பணிவு. "மேடம், வாங்குபவரின் பணம் முதலில் எங்கள் கைக்கு வரும். வந்த பிறகு நீங்கள் பையை அனுப்பினால் போதும். பொருள் கைமாறும்வரை உங்கள் பக்கம் நாங்கள் நிற்போம்" என்றார். "வாங்கியவர் ஏதாவது தகராறு செய்தால்?" என்று கேட்டேன். "அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏலம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருத்தி தமிழிலேயே செய்தி அனுப்பத் தொடங்கினாள். "அக்கா, அண்ணிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்க வேண்டும், சங்கிலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட முடியுமா?" பிறகு உட்புறம், பிறகு பின்பக்கத் தையல், பிறகு பூட்டு, அடிப்பக்க மூலைகள். கேட்டதையெல்லாம் எடுத்து அனுப்பினேன். அவளைப் பற்றி மற்ற விற்பனையாளர்கள் எழுதியவையும் நன்றாகவே இருந்தன. பரிசு கொடுக்கிறவள் பார்த்துத்தானே வாங்குவாள்? எந்த அளவு, எந்த நிறப் பூட்டு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒத்துப்போகும் போலியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று இப்போது படுகிறது.

கடைசி நிமிடங்களில் ஏலம் சூடு பிடித்தது. யாராவது விலை கூட்டினால் நேரமும் தானாக நீளும். 3,900இல் நின்றிருந்த விலை ஏறி ஏறி 4,650 வெள்ளியில் முடிந்தது. வென்றது அவள்தான். "நன்றி அக்கா, பத்திரமாகப் பொதிந்து அனுப்புங்கள்" என்று கைகூப்பும் படம் வேறு. பணம் தளத்துக்கு வந்துவிட்டது என்ற மின்னஞ்சலைப் பார்த்த பிறகே, பை, அட்டை, தூசு உறை, பெட்டி எல்லாவற்றையும் கூரியரில் அனுப்பினேன். அவள் கொடுத்த முகவரி வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் ஒன்றின் கீழே இருக்கும் பொட்டலப் பெட்டகம். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் பொருளைப் பெறுகிறார்கள், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சோதித்துப் பார்க்க அவளுக்குக் கொடுத்த அவகாசம் முடியும் நேரத்தில் புகார் போட்டாள். பை போலியாம். படங்களைப் பார்த்துச் சான்று தரும் ஏதோ ஒரு செயலியின் அறிக்கையையும் இணைத்திருந்தாள். தளத்தில் ஒருவர்கூடப் பையைக் கையில் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் எடுத்த படம், அவள் வாங்கிய அறிக்கை, உடனே தீர்ப்பு: 4,650 வெள்ளியும் அவளுக்கே திரும்பியது, பை எனக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

வந்தது என் பை இல்லை. பெட்டியைத் திறந்ததுமே பசை நாற்றம். மூடியின் உட்பக்கத்தில் மகளின் தலைக் கிளிப் பட்டு விழுந்த கீறல் இல்லை. பின்பக்கத் தையல் கட்டங்கள் கோடு சேராமல் கோணலாக நிற்கின்றன. ஒட்டுச்சீட்டில் வேறு எண், அட்டையிலும் அந்த வேறு எண்ணே. மெனக்கெட்டிருக்கிறார்கள், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பொட்டலத்தைப் பிரித்ததை என் கணவர் முழுக்கக் காணொளி எடுத்தார். அனுப்பியதற்கு, "விற்பனையாளர் எடுக்கும் காணொளியை நாங்கள் ஆதாரமாக ஏற்பதில்லை" என்று பதில். வாங்குபவர் எடுத்த படம் மட்டும் ஆதாரமாம்! என் கைப்பேசியில் பழைய எண்ணோடு இருக்கும் படத்தைக் காட்டினேன். அது எந்தப் பையின் படம் என்று உறுதி செய்ய முடியாதாம். கடை ரசீது இருக்கிறதே என்றேன். அது நான் ஒரு பை வாங்கினேன் என்பதற்குத்தான் சான்றாம், இந்தப் பையைத்தான் விற்றேன் என்பதற்கு இல்லையாம். எண்ணை மறைக்கச் சொன்னவர்களே, எண் தெரியும் படம் ஏலப் பக்கத்தில் இல்லையே என்று என்னிடம் கேட்கிறார்கள்.

அதன் பிறகு அலைக்கழிப்பு. அரட்டைப் பெட்டியில் முதலில் இயந்திரம் பேசும், பிறகு ஒரு பெயர் வரும், மறுநாள் வேறு பெயர், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். "உங்கள் பொறுமைக்கு நன்றி." "உங்கள் கருத்தை மேலிடத்துக்கு அனுப்பியுள்ளோம்." பிறகு, "இந்த விவகாரம் முடித்துவைக்கப்பட்டது." முதலில் அழைத்த அந்தப் பணிவான இளைஞரின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அலுவலகத்துக்கே போனேன். பல நிறுவனங்கள் மேசை வாடகைக்கு எடுக்கும் இடம் அது. வரவேற்பில் இருந்த பெண், அவர்கள் யாரையும் நேரில் சந்திப்பதில்லை என்று ஒரு க்யூஆர் குறியீட்டை நீட்டினாள். அது அதே அரட்டைப் பெட்டிக்குத்தான் போகிறது.

கடைசியாக வந்த கடிதம்தான் வயிற்றெரிச்சல். என் கணக்கை முடக்கிவிட்டார்களாம். கூடவே, வர்த்தக முத்திரைச் சட்டப்படி போலிப் பொருள் விற்பது குற்றம், ஒரு பொருளுக்கு 10,000 வெள்ளிவரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை என்று எச்சரிக்கை. பை பறிகொடுத்தவளுக்கு! அந்தப் போலியைத் தயாராக வைத்திருந்தவளோ இன்றும் அங்கே ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரையான வழக்குகளைக் கேட்பார்கள், வழக்கறிஞர் வேண்டாம், தொகை பிரச்சினை இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும். தளத்திடம் கேட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்கிறார்கள். பொட்டலப் பெட்டகத்தின் மீதா வழக்குப் போடுவது? 2012இலிருந்து இருக்கும் 'லெமன்' சட்டத்தைச் சிலர் சொன்னார்கள். அது கடையிலிருந்து பயனீட்டாளர் வாங்கும் குறையுள்ள பொருளுக்கு. தனியாள் தனியாளுக்கு விற்பது அதில் வராது. பிராண்டின் கடைகள் பழைய பைகளைச் சோதித்துச் சான்று எழுதித் தருவதில்லை, அது அவர்களுடைய கொள்கை, அவர்களைக் குறை சொல்லவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். அறுத்தால் மறுபடி போட முடியாத, எண்ணிட்ட முத்திரைப் பட்டையைப் பையில் மாட்டி, அதோடு படம் எடுத்து ஏலப் பக்கத்திலேயே போடுங்கள். பட்டை அறுந்தால் பையைத் திரும்ப ஏற்க முடியாது என்றும் எழுதுங்கள். பையைக் கையில் வாங்கிச் சோதிக்காத தளத்தில் விற்காதீர்கள். முடிந்தால் வாசல் உள்ள கடையில் நேரில் கொடுத்து, பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். சந்தேகம் வந்தால் 1799க்கு அழையுங்கள், மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

4,650 வெள்ளி. கறுப்பு 'பாய்' பை, மூடியின் உட்பக்கத்தில் நகத்தளவு கீறல். எங்காவது விற்பனைக்கு வந்தால் அந்த விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். விற்பவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள், உடனே அழித்துவிடுவார்கள்.