தைராய்டு ஆபரேஷன் முடிந்து டியூப் எடுக்கும்போது: ஊசியா, ஸ்ப்ரேயா, கஃப்புக்குள் மருந்தா?

தைராய்டு ஆபரேஷனில் மயக்க மருத்துவரான எனக்குப் பயம் அதிகம் வருவது நோயாளி கண் விழிக்கிற நேரத்தில்தான். தையல் போட்டுப் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று, மயக்கம் தெளிகிறது, மூச்சுக்குழாயில் இருக்கும் டியூப் உறுத்த ஆரம்பிக்கிறது. உடனே அடங்காத இருமல். முகம் சிவந்து கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்கும். உள்ளே சர்ஜன் கட்டிவைத்த முடிச்சு ஒன்று அந்த அழுத்தத்தில் நழுவினால் போதும், இரத்தம் கழுத்துக்குள்ளேயே தேங்கி மூச்சுக்குழாயை நெரித்துவிடும்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அம்மாவுக்கு அப்படி ஆயிற்று. இருமி முடித்த சில நிமிடங்களில், காயத்தில் ஊறுவதை வெளியேற்றும் டிரெயின் குழாய் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. "சார், கழுத்து வீங்குற மாதிரி இருக்கு" என்று சிஸ்டர் சொன்னதும் மறுபடி மயக்கம் கொடுத்துத் தையலைத் திறந்தோம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். நான்தான் அன்றிலிருந்து டியூப் எடுக்கும் முறையை மாற்ற வழி தேடினேன். எல்லாத் தியேட்டரிலும் இருக்கும் மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயினையே மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது மூன்றாவதில் நிற்கிறேன்.

முதலாவது நரம்பு வழி ஊசி. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அதிகபட்சம் 90 மில்லிகிராம், அதாவது 2% மருந்தில் நாலரை மில்லி. விலை குறைவு, தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். இருமலையும் அடக்குகிறது, அதில் சந்தேகமில்லை. சர்ஜன் காயத்தைச் சுற்றியும் லிக்னோகெயின் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, டியூப் போடும்போதே குரல்நாண் மேலும் கீழும் ஸ்ப்ரே அடிப்பது. 10% ஸ்ப்ரேயில் ஓர் அழுத்துக்கு 10 மில்லிகிராம் வரும். அரை மணி, முக்கால் மணி ஆபரேஷனுக்கு நல்ல வழி. இரண்டு மணி நேரம் ஓடும் தைராய்டுக்கு, விழிக்கும் சமயத்தில் அதன் வேலை முடிந்தே போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த ஸ்ப்ரேயை டியூப்பின் கஃப் (டியூப் நுனியருகே மூச்சுக்குழாயை அடைத்து நிற்கும் சிறு பலூன்) மேல் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் கெடும், தொண்டை வலியும் கூடும்.

மூன்றாவது, கஃப்பில் காற்றுக்குப் பதிலாக மருந்தையே நிரப்புவது. லிக்னோகெயினை அப்படியே நிரப்பினால் கஃப்பைத் தாண்டி வெளியே வருவது மிகக் கொஞ்சம். சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் மருந்தின் மின்னூட்டமில்லாத பகுதி அதிகமாகி, கஃப்பின் மெல்லிய சவ்வு வழியாக மெதுவாகக் கசிந்து, அது தொட்டுக்கொண்டிருக்கும் மூச்சுக்குழாய்ச் சுவரை மரத்துப்போகச் செய்யும். நான் 2% லிக்னோகெயின் 2 மில்லியை முதலில் ஏற்றி, கஃப்பைச் சுற்றிக் காற்று கசியும் சத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் பைகார்பனேட் சேர்க்கிறேன். அட்ரினலின் கலந்த மருந்து கூடாது.

என்னை இதில் நிறுத்தியது ஒரே விஷயம்: நேரம். ஊசி போட்ட ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பத்து நிமிடத்துக்குள் வேகம் குறைந்துவிடும். நோயாளி கண் விழிக்கிற நேரமோ நம் கையில் இல்லை. ஊசியைப் போட்டிருப்பேன், "ஒரு நிமிஷம் டாக்டர், இன்னொரு தையல் போட்டுக்கிறேன்" என்பார் சர்ஜன். அந்த ஒரு நிமிடம் ஐந்தாகும். மயக்க வாயுவை நிறுத்திய பிறகும் ஒருவர் நாலு நிமிடத்தில் விழிப்பார், இன்னொருவர் பதினைந்து நிமிடம் எடுப்பார். முந்திப் போட்டால் மருந்து வீண். பிந்திப் போட்டால் மூச்சு சீராக வருவதற்குள் தூக்கம் கூடிப் போகும். இரண்டாம் முறை போடவும் மனம் வராது, அளவு ஏறுமே என்ற கவலை. கஃப்பில் இருக்கும் மருந்துக்கு இந்தத் தவிப்பே இல்லை. டியூப் உள்ளே இருக்கும்வரை அதுவும் கூடவே இருந்து வேலை செய்கிறது. நோயாளி எப்போது விழித்தாலும் சரி. மரத்துப்போவது குரல்நாணுக்குக் கீழே கஃப் படும் இடம் மட்டும்தான் என்பதால், எச்சிலையோ வாந்தியையோ உள்ளே விடாமல் தடுக்கும் மேல்தொண்டையின் காவல் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது மொத்தமே 40 மில்லிகிராம். கஃப் கிழிந்தாலும் பெரியவர்களுக்கு அது நச்சளவை எட்டாது.

நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு ஓடும்போது காற்று நிரப்பிய கஃப் உப்பிக்கொண்டே போகும். திரவத்தில் அந்தத் தொல்லை குறைவு.

சிரமமும் உண்டு. மருந்து கசிந்து சுவரில் இறங்க ஒரு மணி, ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சின்ன ஆபரேஷனுக்கு இது உதவாது. டியூப் போடுமுன் கஃப்பை ஊதிச் சோதித்துவிட வேண்டும், கிழிந்தால் பைகார்பனேட் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். எடுக்கும்போது, கஃப்பை நிரப்பவும் காலியாக்கவும் உள்ள பைலட் குழாயின் மெல்லிய வழியில் திரவம் மெதுவாகத்தான் வரும். சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி காத்திருக்கணும், குழாயின் வெளிமுனையில் உள்ள பைலட் பலூன் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும்வரை. வழக்கமான காற்று அளவியை அதில் மாட்டவும் முடியாது. நான் பைலட் பலூனில் ஒரு பிளாஸ்திரி சுற்றி, "மருந்து, காற்று அல்ல" என்று எழுதிவிடுகிறேன். நான் நகர்ந்த நேரத்தில் வேறொருவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு, காலியாயிற்று என்று நினைத்து டியூப்பை உருவிவிடக் கூடாது.

ரெமிஃபென்டானில் என்ற வலிநீக்கி, டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்து ஆகியவற்றின் சொட்டும் இருமலை அடக்கும். சொட்டை அளந்து செலுத்தும் பம்ப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் அவற்றை விரும்புகிறார்கள். இதயத் துடிப்பு குறைவதையும் தூக்கம் நீள்வதையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆழ்ந்த மயக்கத்திலேயே டியூப்பை எடுப்பதும் ஒரு வழி. பருமனான உடம்பு, வயிறு காலியில்லாதவர், டியூப் போடவே கஷ்டப்பட்ட கழுத்து என்றால் நான் அதைத் தொடுவதில்லை. பெரிய கழுத்துக் கழலைக்காரர்களில் பலர் இந்தக் கடைசி வகைதான்.

குழந்தைகளுக்கு நான் கஃப் முறையைச் செய்ததே இல்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன். நாள்பட்ட புகைப்பழக்கம் உள்ளவர்களில் சிலர் கஃப்பில் மருந்து இருந்தும் இருமத்தான் செய்தார்கள். அத்தகையவர்களுக்கு இப்போது கடைசித் தையல் முடிந்து நூலை வெட்டிய பிறகு ஊசியையும் கிலோவுக்கு 1 மில்லிகிராம் சேர்த்துப் போடுகிறேன். இரண்டும் சேர்வது கூடுதல் பலன் தருகிறதா என்று சொல்லும் அளவுக்கு என் கையில் கேஸ்கள் இல்லை.

போன வாரம் ஒரு கழலை, இரண்டேகால் மணி நேரம். டியூப் வாயில் இருக்கும்போதே அந்த அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "வாயைத் திறங்கக்கா, டியூப்பை எடுக்கிறேன்" என்றேன். திறந்தார். சிரிஞ்சில் மருந்து முழுவதும் வந்ததும் உருவினேன். ஒருமுறை தொண்டையைச் செருமினார், டிரெயின் பாட்டில் அப்படியே இருந்தது.