1,85,000 ரூபாய்க்கு ஒரு பேப்பர் வெயிட்: 'லிமிடெட் எடிஷன்' ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் படிக்கவும்

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,85,000 ரூபாய். மூன்று வருடம் மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம். அதைக் கொடுத்து நான் வாங்கி வந்தது துத்தநாகத்தில் வார்த்த ஒரு பொம்மை. நேற்று சாயங்காலம்தான் உறுதியானது. ராத்திரி தூங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சயானில் இருக்கிறேன், மும்பைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. பழம்பொருள் எனக்குப் புதிதல்ல. ஜிபிஓவில், அதாவது தலைமைத் தபால் நிலையத்தில், உள்ள தபால்தலைப் பிரிவுக்கு மாதம் ஒருமுறை போகிறவன். மும்பை நாணயச்சாலை வெளியிடும் நினைவு நாணயப் பெட்டிகள் நாலைந்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக இல்லை. இவ்வளவு தெரிந்தவனே விழுந்தேன் என்பதற்காகத்தான்.

பழம்பொருள்களை ஏலம் விடும் ஒரு ஆன்லைன் தளம். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். தெற்கு மும்பையில் ஷோரூமும் உண்டு. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் வாள்கள், உள்ளே போனால் செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றும், அப்படி ஒரு பளபளப்பு. அதில் பார்த்தேன்: 'கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி, நூற்றாண்டுப் பதிப்பு, 1973, டீஆக்டிவேட்டட், 500ல் 212'. கோல்ட் என்றால் தங்கம் இல்லை, அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி. டீஆக்டிவேட்டட் என்றால் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்தது. மொத்தம் 500 செய்ததில் 212ஆவது என்று அர்த்தம். தேக்குப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், கூடவே சான்றிதழ். கொள்ளை அழகு. இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

விற்றவன் சொன்ன கதையில் பாதிக்கு மேல் உண்மை. அந்த மாடல் 1873ல் வந்தது உண்மை. 1973ல் கோல்ட் கம்பெனி அதற்கு நூற்றாண்டுப் பதிப்பு போட்டதும் உண்மை. பில்லி தி கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனைச் சுட்ட ஷெரீப் பாட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது, அதுவும் உண்மை. அந்தச் செய்தியைப் போனில் எடுத்துக் காட்டினான். "இதே மாடல்தான்" என்றான். இந்த இடத்தில் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அந்த 60 லட்சம் டாலர் ஒரு கொலைக்கும் ஒரு கதைக்கும் கொடுத்த விலை. மாடலுக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் எனக்கு மணி அடிக்கவில்லை. ஏன் என்றால், அவன் தமிழில் பேசினான்.

ஷோரூமுக்குள் போய் இந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தேன். முப்பது முப்பத்தைந்து வயதுப் பையன். என் பேச்சைக் கேட்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கமா?" என்றான். அவ்வளவுதான், உருகிவிட்டேன். தாராவியில் பிறந்தவனாம், அப்பாவுக்கு ஊர் அம்பாசமுத்திரமாம். கீழே உடுப்பி ஓட்டலில் இருந்து காபி வரவழைத்தான். "அண்ணாச்சி, சேட்டுகளுக்கு நான் இதைக் காட்டுறதே இல்ல. நம்ம ஆளுன்னுதான் சொல்றேன். மூணு வருஷம் வச்சிருங்க, 40 சதவீதம் கூடப் போட்டு நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம்." சான்றிதழின் பின்பக்கத்தில் அதை எழுதியும் கொடுத்தான். கையெழுத்து யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. உடனே ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினான். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், பிரிவு 45. வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற வரியை மஞ்சளில் கோடு போட்டு வைத்திருந்தான். வீட்டுக்கு வந்து நானே தேடிப் பார்த்தேன். அந்தப் பிரிவு நிஜமாகவே இருக்கிறது. 1973ல் செய்த துப்பாக்கி எப்படித் தொன்மையானது ஆகும், செயலிழக்கச் செய்யப் பிடுங்கிய சுடும் பின்னைத் திரும்பப் போட்டால் சுடாதா என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. சட்டப் பிரிவைச் சொன்னானே, அது போதுமாக இருந்தது.

பணம் கொடுத்த விதத்தையும் கேளுங்கள். தளத்தின் வழியாக 8,500 மட்டும். மீதி 'சான்றிதழ், இன்சூரன்ஸ், ஸ்டோரேஜ்' என்று சொல்லி ஒரு தனி ஆளின் கணக்குக்கு யுபிஐயில். ஒரே நாளில் லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் முதல் நாள் 1,00,000, மறுநாள் 76,500. தள வழியாகப் போனால் கமிஷன் எக்கச்சக்கம், அண்ணாச்சிக்கு அந்தச் சுமை வேண்டாம் என்றான். என் நன்மைக்காகவாம்.

ஆக மொத்தம் 1,85,000.

மூன்று வாரம் பீரோவில் வைத்து, ராத்திரியில் எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு என் மகள் பிரிட்ஜில் இருந்து பழனி முருகன் காந்தத்தை எடுத்து வந்து, "அப்பா, இது ஒட்டுதான்னு பாரு" என்று விளையாட்டாக வைத்தாள். ஒட்டவில்லை. பேரலில் ஒட்டவில்லை, சிலிண்டரில் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு திருகில் மட்டும் ஒட்டியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. டைட்டானியத்தில் செய்த ரிவால்வரும் உண்டு என்பது தெரியும். நம்ம கான்பூர் தொழிற்சாலை 2014ல் கொண்டுவந்த நிர்பீக் அப்படிப்பட்டதுதான். ஆனால் இந்த 1873 மாடல் எஃகு. காந்தம் ஒட்டியே ஆக வேண்டும்.

நேற்று பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சோர் பஜார் போனேன். பெயரே திருட்டுச் சந்தை. அங்கே பழைய கிராமபோன், கடிகாரம் எல்லாம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் முன்பு நாணயம் வாங்கியிருக்கிறேன். கையில் எடுத்தவர் மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. பேரலின் அடியில் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினார். மெல்லிசாக ஒரு கோடு, இரண்டு அச்சை ஒட்டி வார்த்ததன் தையல். அலங்காரத்துக்குச் செய்கிற மாடலாம், சினிமா ஷூட்டிங்குக்கும் வாங்கிப்போவார்களாம். அவர் கடையில் இருந்தால் நாலாயிரம் சொல்லி மூவாயிரத்துக்குக் கொடுப்பாராம். டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்டவன் 1,85,000 வாங்கினான், திருட்டுச் சந்தைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்தே போன் போட்டேன். முதல் தடவை "சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். விஷயத்தைச் சொன்னதும் "சார், நான் பேக் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று ஆனது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டால், அதே ஆள் இந்தியில் பேசுகிறான்! அம்பாசமுத்திரம் எங்கே போச்சு? விடாமல் கத்தினேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு தமிழுக்கு வந்தான். "போலீசுக்குப் போறீங்களா? போங்க. வீட்ல ரிவால்வர் வச்சிருக்கியே, லைசென்ஸ் எங்கன்னு முதல்ல உங்களத்தான் கேப்பாங்க."

அதுதான் உண்மைத் துப்பாக்கி இல்லையே என்றேன். "அப்படின்னா பில்லைப் பாருங்க சார். அலங்காரப் பொருள், உலோகம், 8,500ன்னு தெளிவா இருக்கே. பொம்மையத்தானே வித்தோம்."

போனில் மிரட்டும்போது அது நிஜத் துப்பாக்கி. பில்லில் பார்த்தால் பொம்மை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் 1,76,500 காணாமல் போயிருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் நடு ரோட்டில் நின்றேன். அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

தளத்தின் உதவிப் பிரிவில் எழுதினேன். 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். சேகரிப்புப் பொருள்களுக்கு 7 நாளுக்குப் பிறகு ரிட்டர்ன் கிடையாது. புகார் முடிக்கப்பட்டது.' மறுபடி எழுதினால் மறுபடி அதே மூன்று வரி. நாலாவது தடவை எழுதியபோது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. அந்தப் பக்கத்தில் இப்போதும் விற்பனை நடக்கிறது. 'கடைசி 3 பீஸ்' என்று போட்டிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எண் 212. என் வீட்டுப் பீரோவில் இருப்பதும் 212தான்.

ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முறையான லைசென்ஸ் வைத்திருப்பவர். திட்டி முடித்த பிறகு அவர் சொன்னதையும், விடிய விடிய நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இதை மூன்று வாரம் முன்பு தெரிந்துகொண்டிருந்தால் 1,85,000 மிஞ்சியிருக்கும்.

நான் வாங்கியது நிஜ 1973 பதிப்பாகவே இருந்தாலும் முதலீடு என்ற பேச்சு நிற்காது. கோல்ட் கம்பெனி 1961ல் இருந்தே நினைவுப் பதிப்புகள் போட ஆரம்பித்துவிட்டது. அறுபது, எழுபதுகளில் அங்குள்ள பல மாநிலங்களுக்கும் ஆண்டுவிழாக்களுக்கும் ஒவ்வொன்று வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு குண்டுகூடச் சுடாமல், பெட்டியும் காகிதமுமாக அலமாரியில் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்த பொருள் எப்படி அரிதாகும்? நம்ம தபால்துறையின் முதல் நாள் உறையை, அதாவது புதுத் தபால்தலை வெளியாகும் நாளில் அதை ஒட்டி முத்திரை போட்டு விற்கும் உறையை, நினைத்துப் பாருங்கள். என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது, போட்ட காசுக்குக் கேட்க ஆள் இல்லை. இது தெரிந்த மடையன்தான் நான். அதே கோல்ட் 1847ல் செய்த வாக்கர் ரிவால்வர் ஆயிரத்துச் சொச்சம்தான். அது போரிலும் காட்டிலும் உடைந்து தொலைந்து, மிஞ்சியவை கொஞ்சம். அதனால் 2018ல் ஒன்று 18 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் மேல் 'லிமிடெட்' என்று யாரும் அச்சடிக்கவில்லை.

இன்னொன்று, கம்பெனி மனசு வைத்தால் எதையும் திரும்பச் செய்யும். 1955ல் வந்த பைத்தன் என்ற ரிவால்வரை கோல்ட் 2005ல் நிறுத்தினார்கள், 2020ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நம்ம நாட்டில் கணக்கே வேறு. எண்பதுகளின் நடுவில் இருந்து சாதாரண ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. அதனால் அதற்கு முன்பு வந்த பழைய வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் லட்சக்கணக்கில் போகின்றன. பதிப்பு எண்ணுக்காக இல்லை, புதிதாக வர வழி இல்லை என்பதற்காக. நிர்பீக் நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில்தான் வந்தது, அன்று விலை 1,22,360. ஆனால் பெட்டி அழகாக இருந்தால் மட்டும் விலை ஏறாது. அப்படியே நல்லது கிடைத்தாலும் வாங்க லைசென்ஸ் வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, விற்பதென்றால் 45 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவனிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். "அவசரத்துக்கு அடகு வைக்கக்கூட முடியாதுடா, இதுல என்ன முதலீடு?" என்றார் சித்தப்பா.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி நாலரை ஆகிவிட்டது, கண் எரிகிறது. சட்டென்று தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். பில்லில் உள்ள தொகையும் நீங்கள் கொடுக்கும் தொகையும் ஒன்றாக இருக்கட்டும். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். சட்டப் பிரிவைக் காட்டினால் வக்கீலிடம் கேளுங்கள், காட்டியவனிடமே கேட்காதீர்கள். கோல்ட் என்று சொன்னால், அந்தக் கம்பெனியே பழைய பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குக் கடிதம் கொடுக்கும், அது எங்கே என்று கேளுங்கள். பையில் ஒரு காந்தம். ஊர் பெயரைச் சொல்லி அண்ணாச்சி என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், என்னை மாதிரி மூன்று வாரம் கழித்து இல்லை.

நான் 1930ல் புகார் பதிந்துவிட்டேன். காலையில் பெட்டியோடும் யுபிஐ ரசீதுகளோடும் வக்கீல் நண்பரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். லைசென்ஸ் கேட்டால் காந்தத்தை வைத்துக் காட்டுவேன்.

வீட்டில் பில்லைப் பார்த்துவிட்டு, பொம்மைக்கு 8,500 கொடுத்தீர்களா என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. சீட்டை நான் இன்னும் எடுக்கவில்லை என்றும், தீபாவளிக்கு வளையல் வரும் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மீதி 1,76,500ஐ இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.