ஆசைக் கார்கள் நான்கு: எது எங்கே பழுதாகும், எவ்வளவு செலவாகும்?

ஓட்டும் சுகத்துக்காகப் பழைய கார் தேடுகிறவர்களின் பேச்சில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட்டின் டி-ஜெட் (டர்போ பெட்ரோல்) கார்களான லீனியாவும் அபார்த் புன்டோவும், முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி விடெக். இவற்றில் எதுவும் இன்று புதிதாகக் கிடைக்காது. ஏற்காட்டு மலைப்பாதையிலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஓட்டிப் பார்த்தால் எல்லாமே மனதுக்குப் பிடித்துவிடும் என்பதால், எது விரைவானது என்ற விவாதம் வாங்குபவருக்கு அதிகம் உதவாது. எது எந்த இடத்தில் பழுதாகும், அதற்குக் கையிலிருந்து எவ்வளவு போகும், எத்தனை நாள் வண்டி வொர்க்‌ஷாப்பில் நிற்கும் என்பவைதான் வாங்கிய பிறகு எதிரில் வந்து நிற்கும் கேள்விகள்.

ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பராமரிப்புச் செலவைக் கணக்கிடும் வழக்கம் இந்தக் கார்களுக்குப் பொருந்தாது. போலோவில் பெரிய செலவு அபூர்வமாகத்தான் வரும், வந்தால் மொத்தமாக வரும். ஃபியட்டில் பணத்தைவிடக் காத்திருக்கும் நாட்களே அதிகம் வலிக்கும். ஆக்டேவியாவில் சிறு பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும். சிட்டியின் எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் அதைச் சுமக்கும் தகடு அதற்கு முன்பே அரித்துப்போகும். இவற்றில் எந்தத் தொல்லையைத் தாங்க நமக்கு வசதியும் பொறுமையும் இருக்கிறது என்று பார்த்தே காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போலோவிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். 2013-ல் இந்தியாவுக்கு வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும், 7 கியர்கள் கொண்ட, டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பாக்ஸும் இருந்தன. இந்தக் காரை விரும்பவைப்பதும் அதுதான், அஞ்சவைப்பதும் அதுதான். டிக்யூ200 என்று அழைக்கப்படும் அந்த கியர்பாக்ஸில் எண்ணெயில் மூழ்காத இரண்டு உலர் கிளட்சுகள் உள்ளன. ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகிய கியர்களோடு ரிவர்ஸையும் கவனித்துக்கொள்கிறது. இவற்றை இயக்குவது மெக்கட்ரானிக் என்ற தொகுப்பு: மின்னணுக் கட்டுப்பாடு, எண்ணெய் பம்ப், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்யூமுலேட்டர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அக்யூமுலேட்டர் திருகி உட்காரும் இடத்தில் அலுமினிய உடல் விரிசல் விட்டால் எண்ணெய் கசிந்து அழுத்தம் குறைகிறது. பம்ப் ஓய்வின்றி ஓடியும் அழுத்தம் ஏறாதபோது கியர் காட்டும் எழுத்துகள் டாஷ்போர்டில் மினுங்கத் தொடங்கும், வண்டி பாதி வழியில் நியூட்ரலுக்குப் போய்விடும், ஸ்கேனரைச் செருகினால் பி17பிஎஃப் என்ற குறியீடு வரும். டிக்யூ200-ஐக் கையாளும் மெக்கானிக்குகளுக்கு அந்தக் குறியீடு மனப்பாடம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சீனாவில் எழுந்த புகார்களை அடுத்து 2012-ல் ஃபோக்ஸ்வேகன் அங்கே டிஎஸ்ஜி உத்தரவாதத்தை 10 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டித்தது. 2013 நவம்பரில், செயற்கை கியர் எண்ணெயால் மின்பழுது நேரக்கூடும் என்பதற்காக உலகெங்கும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துக் கனிம எண்ணெய்க்கு மாற்றியது. ஆகவே பார்க்கும் காரில் இந்த எண்ணெய் மாற்றம் செய்யப்பட்டதா, மெக்கட்ரானிக் ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் பதிவில் தேடுவது வாங்குபவரின் முதல் வேலை.

மெக்கட்ரானிக்கை முழுமையாக மாற்றினால் பில் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் தொகுப்பும் சேர்ந்தால் அது காரின் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். விரிசல் விட்ட உடலை மட்டும் மாற்றியோ வலுப்படுத்தியோ தரும் தனியார் வல்லுநர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதே வேலை பல மடங்கு குறைந்த செலவில் முடியும் என்பதால், அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதைக் காரைப் பார்க்கப் போகும் முன்பே விசாரித்துவைப்பது நல்லது. கிளட்சின் ஆயுளோ ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்தது. நெரிசலில் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் உலர் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் உரசிச் சூடேறும், பிரேக்கை முழுதாக அழுத்தி நின்று, முன்னே இடம் விழுந்த பிறகு நகர்ந்தால் அது பிழைக்கும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி நடுங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டிய போலோவைத் தவிர்க்கச் சொல்வதற்கும் இதே கியர்பாக்ஸ்தான் காரணம், ஏனெனில் அது 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது, ரீமேப் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது.

மற்ற பழுதுகள் ஒப்பீட்டளவில் சிறியவை. ஏசியின் கூலிங் காயில் ஓட்டையாவது போலோவில் அடிக்கடி கேள்விப்படும் குறை. காயிலின் விலையைவிட டாஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் அதில் உறுத்தும். பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளில் கரி படியும். 2020-ல் வந்த 1.0 லிட்டர் டிஎஸ்ஐ போலோவில் டிஎஸ்ஜி கிடையாது. அதற்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது, 2022-ல் போலோ நிறுத்தப்படும் வரை அதுவே தொடர்ந்தது. அந்த எஞ்சின் குடும்பம் விர்ட்டஸ், டைகுன் கார்களிலும் இருப்பதால் உதிரிபாகத்துக்கு இப்போதைக்குப் பஞ்சமில்லை.

ஃபியட்டின் கதை வேறு. 2010-ல் வந்த லீனியா டி-ஜெட்டில் 114 குதிரைத்திறன், 2015-ல் டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம் ரூபாய்க்கு வந்த அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறன். இரண்டிலும் 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 5 கியர் மேனுவல், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். சாலையின் ஒவ்வொரு நெளிவையும் கைக்குச் சொல்லும் அந்த ஸ்டீயரிங்குக்காகவே இவற்றை வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். பெட்ரோல் இன்டேக் குழாயிலேயே தெளிக்கப்படுவதால் வால்வில் கரி படியும் தொல்லை இல்லை, அஞ்சவேண்டிய கியர்பாக்ஸும் இல்லை. டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட், சஸ்பென்ஷன் புஷ், ஸ்டீயரிங் குழாய்க் கசிவு என்று பழுதுகள் எல்லாம் சாதாரணமானவை, நல்ல மெக்கானிக் எவரும் செய்யக்கூடியவை.

சிக்கல் பாகத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஃபியட் பெயரில் கார் விற்பனை இந்தியாவில் முடிந்துவிட்டது. அதே குழுமத்தின் ஜீப் சர்வீஸ் மையங்களே இவற்றையும் பார்க்க வேண்டிய நிலை. இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். டி-ஜெட் எஞ்சின் ஐரோப்பாவில் அபார்த் 500, ஆல்ஃபா ரோமியோ மிட்டோ எனப் பல கார்களில் ஓடியது. ஆகவே டர்போவோ, கேஸ்கெட்டோ, சென்சாரோ தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியும். கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து விலை ஏறும், ஆனால் பாகம் இருக்கிறது. அபார்த் புன்டோவின் முன் பம்பர், லீனியாவின் ஹெட்லைட், கதவு ரப்பர் போன்றவற்றுக்கு அந்த வழியும் குறுகியது. பின்னால் வந்த ஆட்டோ லேசாக இடித்த ஒரு பம்பருக்காக, எந்த எஞ்சின் பழுதுக்கும் நிற்காத கார் வாரக்கணக்கில் நிற்கும். அதனால் டி-ஜெட் வைத்திருப்பவர்கள் பாகம் கண்ணில் படும்போதே வாங்கி வீட்டில் அடுக்கிவைக்கிறார்கள், அந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. சென்னைவாசிகளுக்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை ஒரு துணை, ஆனால் சாதாரண புன்டோவின் கதவோ கண்ணாடியோ அங்கே அகப்படும் அளவுக்கு அபார்த்துக்கு மட்டுமே உரிய பாகங்கள் அகப்படா.

ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் சிலிண்டருக்கு 5 வால்வுகள் கொண்ட 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 150 குதிரைத்திறன். இதே எஞ்சின் குடும்பம் ஆடி ஏ4, பாஸாட், முதல் ஸ்கோடா சூப்பர்ப் எனப் பரவலாக ஓடியதால் எஞ்சின் பாகங்களுக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. ஆனால் இந்தக் கார்களுக்கு இப்போது சுமார் 20 வயது. வயதால் இறுகிப்போன பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் இதன் எதிரிகள்: கூலன்ட் குழாய் பொருந்தும் பிளாஸ்டிக் ஃபிளேஞ்ச் வெடிக்கும், வெற்றிடக் குழாய்கள் விரிசல் விடும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக உள்ள இக்னிஷன் காயில்களில் ஒன்று கைவிட்டால் எஞ்சின் திணறும். ஒவ்வொன்றும் சில ஆயிரங்களில் முடியும் வேலைதான், ஆனால் ஒரு வேலை முடிந்து அடுத்தது வருவதற்குள் பர்ஸ் மீண்டும் நிறைந்திருக்காது. டைமிங் பெல்ட்டை மாற்றும்போது டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்பின் பிளாஸ்டிக் விசிறி உடைந்தால் எஞ்சின் சூடேறும், பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், அப்போது பேச வேண்டியது எஞ்சின் வேலையைப் பற்றி. தரம் குறைந்த எண்ணெயை நீண்ட நாள் ஓட்டிய எஞ்சினில் கசடு சேர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடுவதால், வாங்கியவுடன் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

சிட்டி விடெக் இவற்றில் எளிமையானது. டர்போ இல்லை, 106 குதிரைத்திறன், எடை குறைந்த உடல். 2003-ல் வந்த அடுத்த சிட்டியில் 77 குதிரைத்திறன் எஞ்சின்தான் இருந்தது என்பதாலேயே பழைய விடெக்குக்கு மதிப்பு ஏறியது. டைமிங் பெல்ட்டையும் எண்ணெயையும் காலத்தில் மாற்றினால் எஞ்சின் தொல்லை தருவது குறைவு. வெயிலில் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலும், ஆனால் பிடிக்காது. சற்று நேரம் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அந்தக் கால ஹோண்டாக்களில் இதற்குப் பெட்ரோல் பம்பைக் குறை சொல்லும் முன், அதற்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயைக் கழற்றிப் பார்க்க வேண்டும், உள்ளே சால்டர் இணைப்பில் மயிரிழை விரிசல் தெரியும். திரும்பச் சூடுவைத்து ஒட்டினால் செலவு நூறுகளில் முடியும். இந்தக் காரில் பணம் கரையும் இடம் துருதான். பின் சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, தரைத் தகடு ஆகியவற்றைத் தட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. டிங்கரிங்கும் பெயின்ட்டும் முழுதாகச் செய்யப்போனால் கார் வாங்கிய விலையை அது எட்டிவிடும். பந்தயத்துக்கும் ரேலிக்கும் பிடித்தமான வண்டியாக இருந்ததால் பலவற்றில் எஞ்சின் மாறியிருக்கும், ஆகவே எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுவதும் கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான செலவுகளை விற்பவர்கள் சொல்வதில்லை. தேய்மானமும் இயந்திரப் பழுதும் காப்பீட்டில் வராது, எனவே மெக்கட்ரானிக் போனால் காப்பீட்டு நிறுவனத்தை நாடிப் பயனில்லை. பழைய கார்களுக்கு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் முழு விலை தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் கிடைப்பது அரிது. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், பம்பர் அரிதாகக் கிடைக்கும் ஃபியட் உரிமையாளரை இது அதிகம் பாதிக்கிறது. 15 ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது, 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 10,000 ரூபாய் என்று ஆனது. ஆக்டேவியாவும் சிட்டியும் நேராக இந்த வரம்புக்குள் வருகின்றன. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று எங்கும் பரவிவிட்டது. அதற்கு ஏற்ற ரப்பர் பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களுக்குத்தான் கட்டாயமாக்கப்பட்டன என்பதால், இந்த எல்லாக் கார்களிலும் எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பது இந்த ஒரே கார், தினமும் அலுவலகம் போக வேண்டும் என்றால் 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐ போலோவைத்தான் பரிந்துரைப்பேன். டிஎஸ்ஜி போலோவை அந்த நிலையில் வாங்குபவர், விலையோடு ஒரு லட்சத்தைத் தனியாக ஒதுக்கிவைக்க முடிந்தால் மட்டும் வாங்கலாம். தினசரிக்கு வேறு வண்டி இருப்பவருக்கு என் தேர்வு அபார்த் புன்டோ: பணம் கட்டுக்குள் இருக்கும், காத்திருப்பு வீட்டு வேலையைக் கெடுக்காது, ஓட்டும்போது கிடைக்கும் நிறைவு மற்றவற்றில் இல்லை. குறைந்த பணத்தில் தொடங்கும் இளைஞருக்குத் துருவில்லாத சிட்டி. நம்பிக்கையான மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருந்தால் மட்டுமே ஆக்டேவியா.

எதைப் பார்க்கப் போனாலும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் சந்தையில் உண்டு, ஆகவே கம்பளத்தைத் தூக்கி அடியில் சேற்றுப் படிவு இருக்கிறதா, சீட் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். டெல்லியிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி வந்த வண்டியென்றால் பழைய கடன் பாக்கி, அபராதம், சாலை வரி மூன்றும் தீர்ந்ததற்கான தாள்களைக் கேளுங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் சென்றால், அழித்துவைத்த பழுதுக் குறியீடுகள் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் தலைகாட்டுகின்றனவா என்று தெரிந்துவிடும். அந்த ஓட்டத்தை மறுக்கும் விற்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.