லாஃப்ராய்க் 10-ஆ, லாகவூலின் 16-ஆ?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது ஐலா தீவு. அதன் தென்கரையில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இரண்டு விஸ்கி வடிசாலைகள். லாஃப்ராய்க் 1815-லும் லாகவூலின் 1816-லும் தொடங்கியவை. முளைகட்டி, பீட் புகையில் உலர்த்திய பார்லிதான் இரண்டுக்கும் அடிப்படை. சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கி இறுகியதுதான் பீட். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஊற்றி முகர்ந்தால் இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் என்று நம்பவே முடியாது.

பெயரோடு வரும் எண், விஸ்கி பீப்பாயில் கிடந்த வருடக்கணக்கு. லாஃப்ராய்க் 10-ல் முதலில் மூக்கில் ஏறுவது ஆஸ்பத்திரி வாசம். டிங்ச்சர் அயோடின், புதுக் கட்டுத்துணி, கடற்பாசி. பலரும் இதோடு கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி மறுபடி முகருங்கள். முன்பு பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் தந்த வெனிலா இனிப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். விழுங்கிய பிறகு உப்பும் சாம்பலும் நாக்கில் நிற்கும்.

லாகவூலின் 16-ல் புகை குறைவில்லை, ஆனால் முனை மழுங்கிய புகை. உலர்திராட்சை, புகையூட்டிய தேயிலை, பழைய தோல் பை. அங்கே வடிப்பதே நிதானமாகத்தான். அப்புறம் பீப்பாயில் 16 வருடம். அந்தப் பொறுமை வாயில் தெரிகிறது.

லாகவூலின் முதலாளி பீட்டர் மேக்கி, லாஃப்ராய்க்கை விற்கும் உரிமை கைவிட்டுப்போனதும், 1908-ல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற குட்டி வடிசாலையைக் கட்டினார். பக்கத்து வீட்டு விஸ்கியை அப்படியே வடித்துவிட வேண்டும் என்பது நோக்கம். வடிகலன்களைக்கூட அதே வடிவில் செய்து பார்த்தார். சுவை வரவேயில்லை. இந்த இரண்டு கிளாஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோல்விதான் ஞாபகம் வரும்.

சரி, ருசிப்பது எப்படி? வாய் குறுகிய டியூலிப் கிளாஸ் வேண்டும். ஐஸ் வேண்டாம், வாசம் அடங்கிவிடும். நிறத்தை வைத்து எடை போடாதீர்கள், இரண்டிலுமே நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கிறார்கள். சில துளி தண்ணீர் விடலாம். புகைவாசம் தரும் குவாயகால் என்ற பொருள், சாராயச் செறிவு குறையும்போது மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது என்று 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரி மூலம் காட்டினார்கள். லாகவூலின் 43 சதவீதம், அரை ஸ்பூன் தண்ணீர் தாங்கும். லாஃப்ராய்க் பல நாடுகளில் 40 சதவீதம்தான், இரண்டு துளியோடு நிறுத்துங்கள்.

லாகவூலினை முதலில் ஊற்றுங்கள். வரிசை மாறினால் அயோடின் அதை விழுங்கிவிடும். ஒரே பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் நான் லாஃப்ராய்க்கைத்தான் எடுப்பேன். லாகவூலின் இன்னும் நேர்த்தியானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூக்கைப் பழக்குவது லாஃப்ராய்க்தான். குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்து, காலையில் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அணைந்த அடுப்பின் வாசம் அப்போதும் இருக்கும்.