பார்படோஸில் சமைத்துச் சாப்பிட ஒரு வீடு: ஆய்ஸ்டின்ஸா, பாத்ஷீபாவா?

பார்படோஸ் தீவில் சமையலறையுடன் கூடிய விடுமுறை வீடு தேடுவோருக்குத் தென்கரையிலுள்ள ஆய்ஸ்டின்ஸையே முதலில் பரிந்துரைப்பேன். அங்கே மீன்சந்தைக்கு நடந்தே போகலாம் என்பதால், டிசம்பர் முதல் ஜூன் வரையிலான பருவத்தில் முள் நீக்கி விற்கும் பறவைக்கோலா மீனை வாங்கிவந்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி அன்றைக்கே வறுத்துவிடலாம். மளிகைக் கடைகளும் பேருந்தும் அருகிலேயே உண்டு. வெள்ளிக்கிழமை இரவு மீன் விருந்துக்குத் திரளும் கூட்டத்தின் இரைச்சலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிழக்குக் கரையின் பாத்ஷீபா, அலை அரித்த பெரும்பாறைகளுடன் உண்மையிலேயே பேரழகு வாய்ந்தது. ஆனால் அட்லாண்டிக்கின் நீரோட்டம் அங்கே நீந்துவோருக்கு ஆபத்தானது; பெரிய அளவில் மளிகை வாங்குவதற்கும் கார் வேண்டியிருக்கும். குழந்தைகளோடு செல்பவர்கள் அங்கே வீடு எடுக்காமல், ஒருநாள் பகலில் சென்று பார்த்துத் திரும்பலாம்.