ஏ பி சி போட்டுச் சமன் செய்வது: இருபது வருடப் பழக்கம், ஒரு பழைய கோபம்

கூடப் படித்த நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், பையன் பிளஸ் ஒன் வந்துட்டான். நாம அப்போ ஏ பி சி போட்டு வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வோமே, அதைச் சொல்லித் தரலாமா?" இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கைக்கும் ஓர் எழுத்தை வைத்து, தனிமத்துக்கு ஒரு சமன்பாடு எழுதித் தீர்க்கும் அந்த முறையோடு எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது, அதனால் இவ்வளவு நீண்டுவிட்டது.

எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் குணகம் வாய்ப்பாட்டுக்கு முன்னால்தான் வரும், அடியில் இருக்கும் சின்ன எண்ணில் கைவைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். (என் டியூஷனில் இன்னமும் வருடத்துக்கு இரண்டு பேராவது, ஆக்சிஜன் குறைகிறதே என்று தண்ணீரின் வாய்ப்பாட்டில் ஒரு 2 சேர்த்து அதைப் பெராக்சைடு ஆக்கிவிடுகிறார்கள். அது தனிப் புலம்பல்.)

சின்ன வினைகளுக்கு இந்த முறை தேவையே இல்லை. சிலிண்டர் கேஸில் இருக்கும் பியூட்டேன் எரிகிறது என்றால் கார்பன் 4, ஹைட்ரஜன் 10, ஆகவே கார்பன் டை ஆக்சைடு 4, தண்ணீர் 5, அதற்கு ஆக்சிஜன் ஆறரை மூலக்கூறு. அரை வருகிறதா, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு: 2, 13, 8, 10. முடிந்தது. தாமிரத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போடும் வினைதான் ஆளைப் படுத்தும். நைட்ரஜன் காப்பர் நைட்ரேட்டுக்கு முக்கால் பங்கு, நைட்ரிக் ஆக்சைடுக்கு மீதி என்று பிரிந்து போகும், ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் ஆக்சிஜன் இழுக்கும். ஹாஸ்டல் சீனியர் ஒருவர் ஐந்து பொருளுக்கும் ஐந்து எழுத்தை வைத்து, தண்ணீருக்கு 1 என்று போட்டார். அமிலம் 2, தாமிரம் முக்கால், நைட்ரிக் ஆக்சைடு அரை என்று தானாக விழுந்தது. நான்கால் பெருக்கினால் தாமிரம் 3, அமிலம் 8, காப்பர் நைட்ரேட் 3, நைட்ரிக் ஆக்சைடு 2, தண்ணீர் 4. எதையும் யூகிக்கவில்லை, ஒரு தடவைகூட அழிக்கவில்லை! அன்று முதல் வேறு முறையையே நான் தொடவில்லை.

அந்தத் தெம்பில்தான் பி.எஸ்சி. ப்ராக்டிகலில் மாட்டினேன். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், குடுவையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் நீர்த்த கந்தக அமிலமும்; எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாகிறது என்று பார்த்துப் பெராக்சைடின் செறிவைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல எழுத்துகளைப் போட்டுச் சமன் செய்தேன்: பெர்மாங்கனேட் 2, பெராக்சைடு 1, கந்தக அமிலம் 3; அந்தப் பக்கம் பொட்டாசியம் சல்பேட் 1, மாங்கனீசு சல்பேட் 2, தண்ணீர் 4, ஆக்சிஜன் 3. எண்ணிப் பாருங்கள், ஒரு அணுகூடப் பிசகாது. பெராக்சைடு பாட்டிலில் செறிவு 20 வால்யூம் என்று எழுதியிருந்தது, அதாவது ஏறக்குறைய 6 சதவீதம் வரவேண்டும், எனக்கு வந்தது 1.2. பாட்டில் பழசு, மருந்து செத்துப்போச்சு என்று லேப் அட்டெண்டர் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். பக்கத்து மேசையில் அதே பாட்டிலில் எடுத்தவனுக்குச் சரியாக வந்திருந்தது.

பெர்மாங்கனேட்டுக்கும் பெராக்சைடுக்கும் சரியான விகிதம் 2க்கு 5. என்னுடையது 2க்கு 1, அதனால்தான் விடை சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஏழு பொருள், ஐந்தே தனிமம். ஏழு எழுத்துக்கு ஐந்து சமன்பாடு போட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு எழுத்து சும்மா நிற்கும். பெராக்சைடுக்கு 1 போட்டாலும் 3, 5, 7 என்று எதைப் போட்டாலும் அணுக்கணக்கு ஒத்துப்போகும், ஏனென்றால் பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியக்கூடியது, அந்தச் சமன்பாட்டை எத்தனை முறை கூட்டினாலும் இந்த முறைக்குத் தெரியாது. எலக்ட்ரானை எண்ணினால்தான் வழி பிறக்கும். மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் 7இலிருந்து 2க்கு இறங்கும்போது அது 5 எலக்ட்ரான் வாங்குகிறது, ஒரு பெராக்சைடு 2 கொடுக்கிறது, எனவே 2க்கு 5. இவ்வளவுதான். எலக்ட்ரானை விடுங்கள், வெளியே வரும் ஆக்சிஜன் வாயு பெராக்சைடிலிருந்து மட்டும்தான் வருகிறது என்று தெரிந்திருந்தாலே போதும், ஒரே ஒரு பெராக்சைடை வைத்துக்கொண்டு மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு காட்டிய என் விடை எவ்வளவு அபத்தம் என்று அப்போதே உறைத்திருக்கும்.

இந்த முறை தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. ஒரு விடையைக் கொடுத்து, சரிபார்த்தாலும் சரி என்றே காட்டியது பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் இரண்டு எழுத்து மிஞ்சி நின்றதே ஓர் எச்சரிக்கைதான். பெராக்சைடுக்கு நானாக 1 போட்டதுதான் தப்பு. அது தெரிந்தும் கோபம் குறையவில்லை.

இந்த முறைக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு இரண்டு தருவேன், அதற்கு மேல் கிடையாது. "எலக்ட்ரானை எண்ணும் ஆக்சிஜனேற்ற எண் முறையை முதலில் படிக்கச் சொல், இந்தப் பக்கம் வரவே வேண்டாம்" என்று நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். அவன் திருப்பிக் கேட்கிறான்: "நீ டியூஷன்ல எதுலடா ஆரம்பிக்கிற?" தாமிரமும் நைட்ரிக் அமிலமும், ஐந்து எழுத்து, தண்ணீருக்கு 1.