‘8 ஜிபி ராம்’ என்று சொல்லி 4 ஜிபி டேப்லெட்டைத் தலையில் கட்டினார்கள்

கல்லூரிப் பிள்ளைக்கு டேப்லெட் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டுப் பழைய டேப்லெட் 3 ஜிபி ராம் (திறந்திருக்கும் ஆப்கள் ஓடும் தற்காலிக நினைவகம்), 32 ஜிபி ஸ்டோரேஜ் (ஆப்களும் கோப்புகளும் சேமிக்கப்படும் இடம்). திரையில் ஒரு பக்கம் பிடிஎஃப், மறுபக்கம் நோட்ஸ் எழுதும் ஆப் என இரண்டையும் மகளுக்குத் திறந்து வைக்க வேண்டும். சென்னையில் ஒரு பெரிய கடையில் இதைத் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டோம். “8 ஜிபி ராம் சார், எழுதப் பேனாவும் தர்றோம்” என்றார் விற்பனையாளர். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் பெட்டியின் மேல் கடைக்காரர்கள் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரை மகள் உரித்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் ‘4 ஜிபி + 4 ஜிபி’. கூட்டலுக்குப் பின்னால் வரும் அந்த 4 உண்மையான ராம் கிடையாது. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ராம் மாதிரி பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. ஸ்டோரேஜின் வேகம் ராமுக்குப் பக்கத்தில்கூட வராது. வீடியோ வகுப்பைப் பார்த்துவிட்டு நோட்ஸுக்குத் திரும்பினால், ஆப் மறுபடி முதலிலிருந்து திறக்கிறது.

பேனா இன்னும் மோசம். ரப்பர் முனை வைத்த சாதாரண ஸ்டைலஸ். விரலுக்குப் பதில் திரையைத் தொட மட்டுமே அது உதவும். எழுதும்போது உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தது. அழுத்தி எழுதினாலும் லேசாக எழுதினாலும் ஒரே தடிமன். முறையாக எழுத, பேனாவை அறியும் வசதி திரைக்குள்ளேயே இருக்க வேண்டும். சாம்சங் டேப் எஸ்6 லைட்டில் அது உண்டு, பேனாவும் பெட்டியிலேயே வரும். ஐபேடுக்குத் தனியாக வாங்க வேண்டும், அதிலும் எந்த மாடலுக்கு எந்த ஆப்பிள் பென்சில் பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் ‘அபவுட் டேப்லெட்’ பகுதியில் மாடல் எண்ணைப் பார்த்து, நிறுவனத்தின் தளத்தில் அதே எண்ணுக்கு என்ன ராம் போட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பில்லில் மாடல் எண், ராம், ஸ்டோரேஜ் மூன்றும் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் ‘டேப்லெட் – 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஸ்டோரேஜில் கஞ்சத்தனம் வேண்டாம், 128 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஐபேடில் மெமரி கார்டு போட வழியே இல்லை. ஆண்ட்ராய்டில் பல மாடல்களில் போடலாம், ஆனால் ஆப்கள் பெரும்பாலும் உள் ஸ்டோரேஜில்தான் உட்காரும்.

அதற்கும் முன்னால், புதியது வேண்டுமா என்று பாருங்கள். பழைய டேப்லெட்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறது, ஸ்டோரேஜ் நிரம்பியதால்தான் திணறுகிறது என்றால், எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்து (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து) கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம். அப்டேட் நின்றுபோயிருந்தால் மாற்றுவதுதான் சரி. எந்தக் கடையும் இதைச் சொல்லாது.

மறுநாளே கடைக்குப் போனோம். “பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம்” என்றார்கள். அப்புறம் மேலாளர் வந்து, பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்து, ஸ்டிக்கர் உரித்த பெட்டியின் படத்தையும் பில்லையும் கொடுத்திருக்கிறேன். முழுப் பணமும் திரும்பி வரும்வரை விடப்போவதில்லை.